மௌன ராகம்: ஏன் ஏமாற்றம் என்று கேட்பவர்களுக்கு

போன தை மாதம் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பெரிய வீட்டில், பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் அண்ணனுக்குச் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் சொந்தங்கள் வந்திருந்தார்கள். முதல் நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டரில் 'மௌன ராகம்' போட்டார்கள். அண்ணனும் அண்ணமிண்டியும் (அண்ணியும்) கல்யாணமான புதிதில் சேர்ந்து பார்த்த படம். முடிந்ததும் வளவே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை.

மறுநாள் பந்தியில் யாரோ கேட்க, "எனக்கு ஏமாற்றமாக இருந்தது" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து போனிலும் கல்யாண வீடுகளிலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்கு: கதை என்ன?

1986-ல் வந்த படம். எழுதி இயக்கியவர் மணிரத்னம், ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம், இசை இளையராஜா. சென்னையில் கல்லூரியில் படிக்கும் திவ்யா (ரேவதி), பெண் பார்க்க வந்தவரிடமே தனக்கு இஷ்டமில்லை என்று சொல்கிறாள். அவர் சந்திரகுமார் (மோகன்), டெல்லியில் வேலை. அந்த வெளிப்படைப் பேச்சே அவருக்குப் பிடித்துப்போகிறது. வீட்டில் சண்டை, அப்பாவுக்கு நெஞ்சுவலி, அம்மாவின் கெஞ்சல். கல்யாணம் நடந்துவிடுகிறது.

டெல்லிக்குப் போனதும், உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று கணவன் கேட்க, விவாகரத்து வேண்டும் என்கிறாள். ஏற்கனவே மனோகர் (கார்த்திக்) என்பவனை அவள் காதலித்ததும், பதிவுத் திருமணத்துக்கு ஓடி வந்த அவன் போலீஸ் குண்டு பட்டு அவள் கண்ணெதிரே செத்ததும் அப்போதுதான் கணவனுக்குத் தெரிகிறது. வக்கீலிடம் போனால் ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்கிறார். அந்த ஒரு வருடம் ஒரே வீட்டில் இருவரும் இருக்கிறார்கள். நடுவில் தொழிற்சங்கத் தகராறில் சந்திரகுமார் தாக்கப்பட, திவ்யா அவரைப் பார்த்துக்கொள்கிறாள், மனம் மாறுகிறாள். இப்போது அவர் விலகிப் போகிறார். கடைசியில் ரயில் நிலையம், கிழிபடும் விவாகரத்துக் காகிதம், ஓடும் ரயிலில் இழுக்கப்படும் சங்கிலி.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. இன்றைக்கும் தமிழில் நல்ல காதல் படம் எது என்று கேட்டால் பாதிப் பேர் முதலில் சொல்வது இதைத்தான். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படி என்னதான் ஏமாற்றம்?

படத்தின் முன்பாதியில், கல்யாணம் முடிந்த ராத்திரி, திவ்யா அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்பாள். இரண்டு நாளைக்கு முன்னால் இந்த ஆளோடு என்னைத் தனியாக அனுப்பியிருப்பாயா என்பதுதான் அதன் சாரம். நேற்றுவரை வாசலில் நின்று பேசக்கூட விடாத ஓர் அந்நியன், தாலி கட்டியதும் எப்படி அறைக்குள் போகலாம் என்ற ஆளாகிறான்? தமிழ்ச் சினிமாவில் ஒரு பெண் தன் அம்மாவைப் பார்த்து இவ்வளவு நேராகக் கேட்ட கேள்வி அதிகமில்லை. கேட்ட மாத்திரத்தில் முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

இந்த முறை பார்த்தபோது அதற்கான பதிலுக்காகத்தான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். பதில் வரவே இல்லை. படம் கேள்வியைக் கேட்டது, பிறகு மெல்ல வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்குப் பின் வருவதெல்லாம் திவ்யா எப்போது மனம் மாறுவாள் என்பது மட்டும்தான். அவளை அந்த அறைக்குள் அனுப்பியவர்கள் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனம் மாற வேண்டியவளும் அவளே, கண்ணீர் விட வேண்டியவளும் அவளே, கடைசியில் ஸ்டேஷனில் நின்று தன் மனதைத் திறந்து சொல்ல வேண்டியவளும் அவளே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சம்மதம் வாங்கிய அப்பாவிடம் படம் கணக்குக் கேட்கவில்லை.

பிடித்த படம் என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது. சுமாரான படமாக இருந்தால் எழுந்து தூங்கப் போயிருப்பேன்.

மனோகர் இல்லாவிட்டால் படமே இல்லையே?

கார்த்திக் வரும் பகுதியைப் பிடிக்காதவர்கள் இருக்க முடியாது. காபி ஷாப்பில் திவ்யாவின் அப்பாவைப் பார்த்து 'மிஸ்டர் சந்திரமௌலி' என்று கூப்பிடும் இடத்தில் அன்றைக்கும் வளவில் விசில் பறந்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் ஒரு விஷயம். இந்தக் கதையை முதலில் எழுதியபோது மனோகர் அதில் இல்லை, பிறகு சேர்க்கப்பட்டவன் என்று மணிரத்னமே சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் தவிப்புதான் மூலக் கதை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் படமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

மனோகர் வந்தவுடன் என்ன ஆகிறது பாருங்கள். திவ்யாவுக்குக் கணவனைப் பிடிக்காமல் போனதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. "ஓ, அதனால்தானா, பாவம்" என்று பார்க்கிறவர்கள் மூச்சு விடுகிறார்கள். காரணம் செத்துப்போன காதலன் என்றால், காயம் ஆறினால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? அப்புறம் மீதிப் படம் காயம் ஆறும் கதையாகிவிடுகிறது. ஒரு பெண்ணுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை என்றால் அதற்குப் பின்னால் யாரோ ஒருவன் இருந்தாக வேண்டும் என்று நம் வீடுகளிலும்தானே நினைக்கிறார்கள்? "எவனையாவது மனசுல வச்சிருக்கியா?" என்பதுதானே முதல் கேள்வி? யாரையும் மனதில் வைத்திராத பெண்ணும், இது வேண்டாம் என்று சொல்லலாம். அவளுக்காக அந்தப் படம் ஆரம்பித்தது. இடையில் அவளை விட்டுவிட்டது.

சந்திரகுமார் மாதிரி ஒரு மாப்பிள்ளை கிடைப்பாரா? அவரிடம் என்ன குறை?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதுவும் என் வயதுப் பெண்களிடமிருந்து. ஒரு குறையும் இல்லை. மனைவி வேண்டாம் என்றதும் விலகி நிற்கிறார். கை நீட்டவில்லை, குரல் உயர்த்தவில்லை, மாமனாருக்குப் போன் போட்டுப் பஞ்சாயத்து வைக்கவில்லை. நீங்கள் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருக்கிறது என்று அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதற்கும் பொறுமையாக நிற்கிறார். 1986-ல் இப்படி ஒரு கணவனைத் திரையில் காட்டியதே பெரிய காரியம்.

என் சங்கடம் அவருடைய நல்ல குணத்தைப் படம் எதற்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதில்தான். அவர் எவ்வளவு நல்லவராக ஆகிறாரோ அவ்வளவுக்குத் திவ்யா கடன்காரி ஆகிறாள். இத்தனை நல்லவனைப் போய் இப்படிச் சொல்லிவிட்டோமே என்று அவள் குறுகுகிறாள், பார்க்கிற நாமும் அவளைக் குறுக வைக்கிறோம். பிடிக்காமல் போவதற்கு எதிராளி கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. நல்லவனோடும் வாழப் பிடிக்காமல் போகலாம். இதை ஒரு வரியாவது படம் சொல்லியிருந்தால் எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

ஆஸ்பத்திரிப் பகுதி மனதைத் தொடவில்லையா?

தொட்டது. ஆனால் அடிபட்டவரைப் பார்த்துக்கொள்ளும்போது வருவது எல்லாம் காதல்தானா? எங்கள் வீட்டில் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையில் இருந்தார்கள். ஆத்தாவும் (அம்மாவும்) நானும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். அந்தச் சமயத்தில் மனதில் ஓடுவது பயம், களைப்பு, இரக்கம், சில சமயம் கோபம். அதெல்லாம் அடங்கி வேறொன்றாக மாறுவதற்கு நாளாகும். திவ்யாவுக்கு அது கொஞ்சம் சீக்கிரமாகவே நடந்துவிடுகிறது.

ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று வக்கீல் சொல்வது நிஜமான சட்டமா?

ஆமாம். 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, கல்யாணமாகி ஒரு வருடம் ஆகும்வரை விவாகரத்து மனுப் போட முடியாது. மிகக் கடுமையான கஷ்டம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் விலக்கு உண்டு. இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான 13பி பிரிவு 1976-ல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கும் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டே கணவன் மனைவியாக வாழாமல் இருப்பதும் பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் விளக்கியது. மனுப் போட்ட பிறகு இன்னும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்று இருந்தது. அது கட்டாயமில்லை, தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்தது.

இதை விவரமாகச் சொல்லக் காரணம், அண்ணன் மருமகன் ஒருவர் "சினிமாவுக்காகச் சேர்த்த சட்டம்" என்று அடித்துச் சொன்னார். இல்லை. சட்டத்தைச் சரியாகத்தான் எடுத்தாண்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இதற்கு மேல் எடுத்திருக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. 1978-லேயே ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' வந்துவிட்டது. ஸ்ரீப்ரியாவின் மஞ்சு யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல்தான் படத்திலிருந்து வெளியேறுகிறாள். அது ஓடவில்லை, அது வேறு விஷயம். மனம் ஒட்டாத கல்யாணத்தைப் பற்றி 1980-ல் மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' வந்தது. மௌன ராகத்தை அதோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் நிறைய. அதனால் "அந்தக் காலம் அப்படி" என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. படம் ஓட வேண்டும் என்ற கவலை நியாயமானது, அதை மதிக்கிறேன்.

பாட்டுகளுமா பிடிக்கவில்லை?

பாட்டுகளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வாலியின் வரிகளும் எஸ்.பி.பி.யின் குரலும் இல்லாமல் எங்கள் தலைமுறைக்கு இளமையே இல்லை. பின்னணி இசையில்கூட, இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடங்களில் இளையராஜா சொல்வதை வசனத்தால் சொல்லவே முடியாது.

நம் ஊருக்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? டெல்லிக் கதைதானே?

எனக்கு இதில்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

நம் வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கல்யாணமானால் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக ஒரு கணக்கு. மருமகள் வந்ததும் வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்று, கூரை ஒன்று, ஆனால் அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குத் தனி அடுப்பு, தனிச் சாமான், வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. முன்பின் பேசியிராத இருவர் அந்த ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு பழகிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் அதற்குக்கூட நேரம் கிடைக்காது. பர்மாவுக்கோ மலேயாவுக்கோ இலங்கைக்கோ மூன்று வருடக் கணக்குக்கு ஆள் கப்பலேறிவிடும்.

எங்கள் அப்பத்தாவுக்கு 1930-ல் கல்யாணம். வயது பதினாலு. ஐயா (தாத்தா) நாலே மாதத்தில் அடுத்தாளாக, அதாவது கடை ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஆளாக, பர்மாவில் உள்ள மோல்மேனுக்குப் போய்விட்டார்கள். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்து முகப்பில் செருப்பைக் கழற்றியபோது, அப்பத்தா யாரோ பெரியவர் வந்திருக்கிறார் என்று உள்ளே போய் மாமியாரிடம் சொன்னார்களாம். இந்தக் கதையை வீட்டில் வேடிக்கையாகத்தான் சொல்லுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தப் பதினேழு வயதுப் பெண் அன்று ராத்திரி எந்த மனதோடு அறைக்குள் போயிருப்பாள் என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

திவ்யா டெல்லியில் இருக்கலாம். அவள் கேட்ட கேள்வி இந்த வளவின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கேட்கப்படாமல் கிடந்தது.

உங்கள் அப்பத்தா இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். 1987 கோடை லீவில் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து இதே வளவில் போட்டோம். எனக்குப் பதினாறு வயது. அப்பத்தாவுக்கு எழுபத்தொன்று. அவர்கள் படமெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இல்லை. கொட்டான் (ஓலைக் கூடை) முடைந்துகொண்டு ஓரமாக இருந்தார்கள். பக்கத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர், அதில் சாயம் போட்ட ஓலை. நனைத்த ஓலையைக் கையில் எடுத்தால் ஈரம் போவதற்குள் முடைந்துவிட வேண்டும். காய்ந்தால் விறைத்துக்கொண்டு மடங்காது.

திவ்யா அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட இடத்தில் அப்பத்தாவின் கை நின்றது. நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன். சிவப்பு ஓலை ஒன்று விரலுக்கிடையில் நீட்டிக்கொண்டிருந்தது. காட்சி மாறி, அடுத்த காட்சியும் மாறிவிட்டது, அவர்கள் முடையவில்லை. ஓலை காய்ந்து நுனி சுருண்டுவிட்டது. அதைத் திரும்பத் தாம்பாளத்தில் போட்டுவிட்டுச் சொன்னார்கள்: "அந்தப் புள்ள கேக்குதுல்ல, அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். யாருகிட்டக் கேக்குறதுன்னு தெரியல."

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்ப் படுத்துவிட்டார்கள். மனோகரையும் பார்க்கவில்லை, ரயிலையும் பார்க்கவில்லை. காலையில் நான் ஆசை ஆசையாக முடிவைச் சொன்னேன், "கடைசியில சேந்துட்டாங்க அப்பத்தா" என்று. "அம்மாக்காரி என்ன பதில் சொன்னா?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பத்தாவுக்கு வயதாகிவிட்டது, கதை புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் 1996-ல் காலமாகிவிட்டார்கள். போன தை மாதம் அதே வளவில், அதே காட்சி வேட்டித் திரையில் வந்தபோதுதான் எனக்கு இது ஞாபகம் வந்தது. கைதட்ட முடியாமல் போனதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை.

அப்பத்தாவும் ஐயாவும் சந்தோஷமாக வாழவில்லையா?

வாழ்ந்தார்கள். 1942-ல் ஐயா பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்தார்கள், ஏழு பிள்ளைகள். ஐயா தினமும் மத்தியானம் வெற்றிலையைக் காம்பு கிள்ளி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவார்கள், அப்பத்தா அப்புறம் வந்து எடுத்துக்கொள்வார்கள். அந்த வாழ்க்கையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். அதனால் அந்தக் கேள்வி இல்லாமல் போய்விடவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். எழுபத்தொன்று வயதிலும் அது அவர்களிடம் இருந்தது.

ரேவதி நடிப்பு?

அவருக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். மழையில் ஆடும்போது இருக்கும் உடம்பு ஒன்று, டெல்லி வீட்டில் சோபா ஓரத்தில் உட்காரும்போது இருக்கும் உடம்பு ஒன்று. வசனமே வேண்டாம், அந்தத் தோளைப் பார்த்தாலே போதும்.

நீங்கள் எடுத்திருந்தால் எப்படி முடித்திருப்பீர்கள்?

முடிவை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருவரும் சேரட்டும். ரயிலை நிறுத்தட்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு காட்சி வேண்டும்: அம்மாவும் மகளும் தனியாக. அம்மா அழ வேண்டாம், காலில் விழ வேண்டாம். "நீ அன்னைக்குக் கேட்டியே" என்று ஆரம்பித்தால் போதும். அதற்கு மேல் என்ன சொல்வாள் என்று எனக்கு எழுதத் தெரியாது. ஆனால் அவள் ஆரம்பித்திருந்தால், திவ்யா ஸ்டேஷனில் சொல்வது முழுக்க அவளுடைய சொந்த ஆசையாக எனக்குக் கேட்டிருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா?

கண்டிப்பாகக் காட்டலாம். கூட உட்கார்ந்து பாருங்கள். நடுவில் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் "சும்மா படத்தைப் பாரு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இனி இந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டீர்களா?

அதற்குப் பிறகு இரண்டு முறை பார்த்துவிட்டேன். இரண்டாவது முறை என் மகளோடு, காரைக்குடி வீட்டில். அவளுக்கு இருபத்தாறு வயது. இப்போது நாலைந்து இடத்திலிருந்து சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கல்யாண ராத்திரிக் காட்சியில் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள்.

"அம்மா, நீங்க ஆயாகிட்ட இதக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஆயா அவங்க அம்மாகிட்ட?"

"தெரியல."

அவள் ஆயா என்று சொல்வது என் ஆத்தாவை. ஆத்தாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. பள்ளத்தூரில்தான் இருக்கிறார்கள். அன்று வளவில் படம் ஓடியபோது சீக்கிரமே தூங்கப் போய்விட்டார்கள். காதும் கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் போகிறோம். மகள் படத்தை டேப்லெட்டில் ஏற்றி வைத்திருக்கிறாள்.